பிள்ளை சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள்

கொங்குப் பகுதித் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டீச்சர்களுக்கும் சார்களுக்கும்,



கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் எனக் கொங்குச் சீமை முழுக்க ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பாடம் நடத்தும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். அரசுப் பள்ளியோ, உதவிபெறும் பள்ளியோ, மெட்ரிக் பள்ளியோ, எல்லாருக்கும் ஒரே கோரிக்கைதான். உங்கள் வகுப்பில் சொல்வதெழுதல் நடக்கிறது. நீங்கள் சொல்கிறீர்கள், பிள்ளைகள் எழுதுகிறார்கள். தினமும் பத்து நிமிடம் அதைத் திருப்பிப் போடுங்கள். ஒரு பிள்ளை கதை சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

“கதை எழுதுடா கண்ணுன்னா ஒரு வரி வர மாட்டேங்குதுங்க” என்று உங்களில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதே பிள்ளை இடைவேளையில் வேப்பமரத்தடியில் என்ன செய்கிறது என்று பாருங்கள். முந்தின நாள் ராத்திரி வீட்டுக்குள் பாம்பு வந்ததையும், பக்கத்து வீட்டு மாமா தடியோடு வந்து தானே தடுக்கி விழுந்ததையும் கையைக் காலை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருக்கும். சுற்றி நிற்பவர்கள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்கள். கதைக்கு அந்தப் பிள்ளையிடம் பஞ்சமே இல்லை. தடங்கல் எல்லாம் கையில்தான் இருக்கிறது. ஆறு வயது விரல்கள் கொம்பும் காலும் சுழியும் போட்டு ஒரு சொல்லை முடிப்பதற்குள், மனசில் இருந்த வாக்கியம் பாதிக்கு மேல் போய்விடுகிறது.

கதை கட்டுவது ஒரு வேலை. எழுத்துக் கூட்டித் தாளில் இறக்குவது வேறு வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டு, மதிப்பெண்ணை இரண்டாவதற்கு மட்டும் போடுகிறோம். பிள்ளைக்கு இது சீக்கிரமே பிடிபட்டுவிடுகிறது. பிழையில்லாமல் எழுதத் தெரிந்த சொற்களுக்குள் எந்தக் கதை அடங்குமோ அதை மட்டும் எழுதப் பழகிக்கொள்கிறது. அதனால்தான் ஒரு வகுப்பில் நாற்பது பேரும் காகத்தையும் வடையையும் எழுதித் தருகிறார்கள்.

சொல்கிறவர் வேறு, எழுதுகிறவர் வேறு என்பது நமக்குப் புதிதில்லை. வியாசர் சொல்ல விநாயகர் பாரதம் எழுதியதை நீங்களே வகுப்பில் சொல்லியிருப்பீர்கள். நம் சொந்த மண்ணின் பெருங்கதையும் அப்படித்தான் வாழ்ந்திருக்கிறது. பொன்னர், சங்கர், தங்கை அருக்காணி இவர்களின் அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்து விடிய விடியப் பாடியவர்கள் ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு பாடவில்லை. 1960களின் நடுவில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் வந்து தங்கிய மானிடவியலாளர் பிரெண்டா பெக், அதைப் பாடக் கேட்டு டேப்பில் பதிந்து வைத்தார். கவிஞர் சக்திக்கனல் அண்ணன்மார் கதையை நூலாகப் பதிப்பித்தார். பாட்டுக்காரருக்கு நல்ல கையெழுத்து இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

உங்கள் தொழிலிலேயே இருந்த ஒருவரையும் சொல்ல வேண்டும். மொடக்குறிச்சிப் பக்கத்து மஞ்சக்காட்டுவலசில் 1908இல் பிறந்த பெரியசாமித் தூரனைக் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியராகவும், கீர்த்தனைகள் எழுதியவராகவும் ஊர் அறியும். பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தில் பல ஆண்டுகள் அவர் பள்ளி ஆசிரியர். குழந்தைகளின் மனம் எப்படி இயங்குகிறது என்று தமிழில் எழுதியவர். பெரியவர்களுக்குப் பத்துத் தொகுதிகள் முடித்த கையோடு குழந்தைகளுக்கென்று தனியாகப் பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் கொண்டுவந்தவர். இத்தனையும் செய்த மனிதர், நாற்று நடுகிறவர்களும் ஏற்றம் இறைத்தவர்களும் பாடிய பாட்டுகளைத் தேடிப் போய்க் கேட்டு எழுதித் தொகுத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயிலும் இலக்கியம் உண்டென்று நம்பினால்தான் அந்த வேலையைச் செய்ய முடியும். ஆறு வயதுப் பிள்ளையிடமும் அதே நம்பிக்கையோடு உட்காருங்கள் என்கிறேன்.

இதைப் பள்ளிக்கூடத்தில் செய்து பார்த்தவர்களும் உண்டு. ரஷ்யாவில் தல்ஸ்தோய் தம் ஊரான யாஸ்னயா பல்யானாவில் 1859இல் குடியானவப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். ஒரு நாள் பழமொழி ஒன்றைக் கொடுத்து, இதை வைத்துக் கதை எழுதுங்கள் என்றார். பிள்ளைகள் மலைத்துப் போய், நீங்களே எழுதிக் காட்டுங்கள் என்றார்கள். அவர் எழுதத் தொடங்கினார். பின்னால் வந்து நின்ற பையன்கள் அது சரியில்லை, இது இப்படி நடக்காது என்று குறுக்கிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் சொல்லத் தல்ஸ்தோய் எழுதிக்கொண்டிருந்தார். இரவு வெகு நேரம் வரை அது நடந்தது. கதையில் ஒரு பக்கத்து வீட்டுக்காரன் அவசரமாக வருகிறான். அவன் ஒரு பெண்ணின் மேலங்கியைப் போட்டுக்கொண்டு வருகிறான் என்றான் ஃபேத்கா என்ற பையன். கைக்கு அகப்பட்டதை மாட்டிக்கொண்டு ஓடி வருகிறவனின் வறுமையும் அவசரமும் அந்த ஒரு மேலங்கியில் வந்துவிட்டன. அதற்குள் புகழ்பெற்ற எழுத்தாளராகிவிட்ட தல்ஸ்தோய் அசந்துபோனார். நம்மிடம் அவர்கள் எழுதக் கற்க வேண்டுமா, அவர்களிடம் நாம் கற்க வேண்டுமா என்று கேட்டு 1862இல் ஒரு கட்டுரையே எழுதினார்.

தல்ஸ்தோய்க்கு வாய்த்தது ஓர் இரவு என்றால், அமெரிக்காவில் விவியன் பேலி என்ற ஆசிரியை அதை அன்றாட வழக்கமாக்கினார். சிகாகோவில் கிண்டர்கார்டன் வகுப்பெடுத்தவர் அவர். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கதை சொல்வார்கள், அவர் எழுதுவார். பிறகு வகுப்பே கூடி உட்கார்ந்து அந்தக் கதையை நடிக்கும். ‘வாலியின் கதைகள்’ என்று தமிழில் சொல்லத்தக்க அவர் புத்தகம் 1981இல் வந்தது. இந்த முறைக்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை. ஒரு நோட்டும் ஒரு பேனாவும் காது கொடுக்கும் ஒருவரும் போதும்.

இனி எப்படிச் செய்வது என்று பார்ப்போம். இதில்தான் நுட்பம் இருக்கிறது.

முதலாவது, சொன்னபடி எழுத வேண்டும். இது சுலபமாகத் தோன்றும், ஆனால் ஆசிரியர் கைக்கு இதுதான் கடினம். ஓர் உதாரணம் கட்டிச் சொல்கிறேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இப்படிச் சொல்கிறது என்று வையுங்கள்:

“எங்கூட்டுப் பொடக்காலில ஒரு ஒடக்கான் இருந்துச்சு. அது மண்டைய மண்டைய ஆட்டுச்சு. எங்க அம்மாயி எதக் கேட்டாலும் ஆமான்னுச்சு. பணம் கடன் வேணுமான்னாங்க, ஆமான்னுச்சு. திருப்பிக் குடுப்பயான்னாங்க, ஆமான்னுச்சு. எப்பக் குடுப்பன்னாங்க. ஓடிப்போச்சு.”

இதைத் ‘திருத்தி’ எழுதினால் எப்படி இருக்கும்? எங்கள் வீட்டின் பின்புறம் ஓர் ஓணான் வாழ்ந்து வந்தது. அது பாட்டியிடம் கடன் வாங்கித் திருப்பித் தராமல் ஏமாற்றியது. நீதி: பிறரை ஏமாற்றுதல் கூடாது. பிழை ஒன்றும் இல்லை. ஆனால் கதை செத்துவிட்டது. அந்தப் பிள்ளை மூன்று ஆமாம்களை அடுக்கி நம்மைச் சிரிக்கத் தயாராக்கி, ஒற்றைச் சொல்லில் வெட்டி முடித்திருந்தது. அந்த வேகமும் அடுக்கும்தான் கதைத் திறமை. யாரும் கற்றுக்கொடுக்காமல் வீட்டுப் பெரியவர்கள் பேசக் கேட்டு வந்தது அது. நம் திருத்தம் அதைத்தான் முதலில் வெட்டி எறிந்தது.

பேச்சுத் தமிழை அப்படியே எழுதலாமா என்று கேட்பீர்கள். கொங்குப் பேச்சோடு 1942இல் ஆர். சண்முகசுந்தரம் ‘நாகம்மாள்’ எழுதினார். இன்று பெருமாள்முருகன் கதைகள் உலக மொழிகளுக்குப் போகின்றன. சின்ன வகுப்பில் எல்லாமே பேச்சாக இருக்கட்டும். மூன்றாம் வகுப்புக்கு வந்தபின், கதாபாத்திரம் பேசுவது பேச்சு நடையிலும் கதை சொல்வது எழுத்து நடையிலும் இருக்கலாம் என்று காட்டிக்கொடுங்கள். இரண்டு நடையும் தெரிந்த பிள்ளைக்கு நட்டமில்லை.

இரண்டாவது, புரிந்துகொண்டு எழுத வேண்டும். பொருள் விளங்காமல் எழுதக் கூடாது என்று விநாயகருக்கு வியாசர் போட்ட நிபந்தனை உங்களுக்கும் பொருந்தும். ‘ஓடிப்போச்சு’ என்று பிள்ளை சொன்னதும் நிமிர்ந்து, “யாரு கண்ணு ஓடினது? ஒடக்கானா, அம்மாயியா?” என்று உண்மையான சந்தேகத்தோடு கேளுங்கள். தன் மனசில் தெளிவாக இருப்பது கேட்பவருக்குத் தெரியாது என்பதைப் பிள்ளை உணரும் இடம் அது. கதைக் கலையில் பெரியவர்களே தடுமாறும் பாடத்தை ஒரு கேள்வியில் கற்றுக்கொடுத்துவிடுகிறீர்கள். மற்றபடி உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: “அப்புறம் என்ன ஆச்சு?” ‘அந்த நரி கெட்டதா?’, ‘இதிலிருந்து என்ன தெரியுது?’ என்பவை வேண்டாம். நீதியை எதிர்பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பிள்ளை முடிவிலிருந்து தொடங்கிவிடும், கதை வராது.

மூன்றாவது, எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். தன் வாயிலிருந்து வந்த சொல் எழுத்தாக மாறுவதைப் பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்கட்டும். முடித்ததும் படித்துக் காட்டுங்கள். “இல்லீங் டீச்சர், அது பச்சை ஒடக்கான்” என்று ஒரு சொல் சேர்க்கும். திருத்தி எழுதும் பழக்கம் அங்கே பிறக்கிறது, சிவப்பு மையில் இல்லை. கடைசியில் பிள்ளையின் பெயரும் தேதியும் போடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். பேலி வைத்த அளவும் ஒரு பக்கம்தான்.

நான்காவது, வாரம் ஒரு நாள் அந்தக் கதைகளை நடிக்க விடுங்கள். மேடை வேண்டாம், மரத்தடி போதும். யார் ஒடக்கான், யார் அம்மாயி என்று கதை சொன்ன பிள்ளையே முடிவு செய்யட்டும். நீங்கள் படிக்கப் படிக்க அவர்கள் நடிப்பார்கள். சும்மா நிற்கிற பாத்திரம் எது, எந்த இடத்தில் கதை ஓடவில்லை என்பது எல்லாருக்கும் கண்ணுக்கு நேராகத் தெரிந்துவிடும். அடுத்த முறை சொல்லும் கதை தானாகவே இறுகும்.

“எனக்குக் கதையே தெரியாதுங் மிஸ்” என்கிற பிள்ளை எல்லா வகுப்பிலும் இருக்கும். அதற்கு ‘மழைநாள்’, ‘என் பள்ளி’ என்று தலைப்புக் கொடுத்தால் கட்டுரை நோட்டில் இருப்பதுதான் திரும்பி வரும். இத்தாலியக் குழந்தை எழுத்தாளர் ஜானி ரொதாரி ஒரு வழி சொன்னார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பொருளைப் பக்கத்தில் பக்கத்தில் வை, அவை ஏன் சேர்ந்தன என்று கேள், கதை கிளம்பிவிடும். நம் ஊரில் யானையையும் வெட் கிரைண்டரையும் வைக்கலாம். புவிசார் குறியீடு வாங்கிய கிரைண்டரும் நம்முடையது, தடாகத்திலும் தொண்டாமுத்தூரிலும் வாசல் வரை வருகிற யானையும் நம்முடையது. கிரைண்டர் ஓடும் வீட்டுக்கு யானை ஏன் வந்தது? மாவு கேட்கவா, சத்தம் தாங்காமலா? கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். தறியும் மயிலும், பனியன் கம்பெனியும் நிலாவும் என்று ஒரு டப்பாவில் சீட்டு எழுதிப் போட்டுவைத்தால் ஆண்டு முழுக்க ஓடும்.

உண்மை நிகழ்ச்சிகளும் நல்ல விதை. சின்னத்தம்பி யானையை உங்கள் பிள்ளைகளின் அண்ணன் அக்காமார் நன்றாக அறிவார்கள். 2019 ஜனவரியில் தடாகம் பக்கம் பிடித்து ஆனைமலைக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். அது அங்கே தங்காமல் நடந்து நடந்து உடுமலைப் பக்கம் கரும்புக் காட்டுக்கு வந்து சேர்ந்தது. பிப்ரவரியில் மறுபடியும் பிடித்து வரகளியாறு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அந்த நடையில் அது எதைத் தேடிப் போனது என்று ஒரு பிள்ளையிடம் கேளுங்கள். பயிர் போன விவசாயி மேலும் தப்பில்லை, யானை மேலும் தப்பில்லை. நீதி எழுத முடியாத கதை என்பதால்தான் அது பிள்ளையின் மனசுக்குள் வேலை செய்யும்.

வீட்டுக்கு வீடு சரக்கு வேறு என்பதையும் மறக்க வேண்டாம். சோமனூரில் தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகிய பிள்ளைக்குக் கரண்டு போய் ஊரே அமைதியான ராத்திரிதான் கதை. வால்பாறை எஸ்டேட் பிள்ளைக்குத் தேயிலைக்குள் அசையும் ஏதோ ஒன்று கதை. திருப்பூரில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பெற்றோரோடு வந்து நம் பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைக்கு இரண்டு நாள் ரயில் பயணமே ஒரு காவியம். அந்தப் பிள்ளையால் தமிழில் நாலு வரி எழுத முடியாமல் போகலாம். விளையாட்டு மைதானத்தில் கற்ற தமிழில் சொல்ல முடியும், மிச்சத்தைக் கையாலும் கண்ணாலும் சொல்லும். எழுதிக்கொடுக்க ஆள் இருந்தால் அதுவும் வகுப்பின் கதைக்காரர்களில் ஒருவராகிவிடும். ஆனைகட்டி மலையில் வீட்டில் இருளர் மொழி பேசிவிட்டு வரும் பிள்ளைக்கும் இதேதான்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பது நியாயம். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர், எமிஸ் பதிவு, காலை உணவு, கூட்டம், பயிற்சி என்று உங்கள் நாள் கிழிபடுவது தெரியாமல் இதை எழுதவில்லை. கணக்கு இதுதான். நாளுக்கு ஒரு கதை, பத்து நிமிடம். ஆண்டுக்கு 200 வேலை நாள் என்று குறைத்து வைத்தாலும், முப்பது பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆறு முறை வாய்ப்பு வந்துவிடும். ஈராசிரியர் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாம் வகுப்புக்கு எழுத்தர் ஆக்குங்கள். ‘ர’ எங்கே, ‘ற’ எங்கே என்று அந்த அண்ணனுக்கும் அக்காவுக்கும் அன்றைக்குத்தான் அக்கறை வரும், தங்கச்சி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள் அல்லவா. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்களையும், இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களாக இருந்தவர்களையும் கேட்டுப் பாருங்கள்.

இது பாடத்துக்கு வெளியே உள்ள வேலையும் இல்லை. எட்டு வயதுக்குள் பிள்ளை பொருள் உணர்ந்து படிக்க வேண்டும் என்பதற்காகத்தானே 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. தான் சொன்ன கதையைத் தானே படிக்கும் பிள்ளை பொருள் உணராமல் எப்படிப் படிக்கும்? உங்கள் வகுப்புக் கதை நோட்டே ஒரு வாசிப்புப் புத்தகம். நாலாம் ஐந்தாம் வகுப்புக்கு வந்தவர்களின் கதைகளைப் பள்ளிக் கல்வித் துறையின் ‘ஊஞ்சல்’ இதழுக்கு அனுப்பிப் பாருங்கள்.

பென்சிலைப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுப்பது எப்போது? ஒரேயடியாகக் கொடுக்க வேண்டாம். முதலில் தலைப்பை மட்டும் பிள்ளை எழுதட்டும். அப்புறம் கடைசி வரியை, அதுதான் பிள்ளைக்கு ரொம்பப் பிடித்த வரியாக இருக்கும். அதற்கப்புறம் பாதிக் கதை. ஒரு நாள் “நீங்க எழுதறது மெதுவா இருக்குதுங், நானே எழுதிக்கறேன்” என்று நோட்டைப் பிடுங்கும். அன்றைக்கு ஒற்றுப்பிழை, சந்திப்பிழை எதையும் பார்க்காதீர்கள். சுவரில் ஒட்டும் படியெழுத்துக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பெற்றோருக்கும் உங்கள் மூலமாக ஒரு சொல். கோடை விடுமுறையில் கோவையில் எழுத்துப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன, வசதி உள்ளவர்கள் சேர்க்கட்டும். ஆனால் போட்டிக்கு அனுப்பும் கதையை அப்பா எழுதித் தருவதும், இப்போது செல்போனிடம் கேட்டு வாங்கித் தருவதும், பிள்ளைக்கு ஒன்றையே சொல்கின்றன: உன் கதை போதாது. அதற்குப் பதில் ராத்திரி சாப்பிட்ட பிறகு பிள்ளை சொல்வதை அப்பா எழுதட்டும். எழுதத் தெரியாத அம்மாயி கேட்டுக்கொண்டிருக்கட்டும், அதுவும் பாதி வேலைதான்.

வருகிற திங்கட்கிழமை வருகைப் பதிவு முடிந்ததும் ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையைக் கூப்பிடுங்கள். முதல் கதை மூன்றே வரியில் முடியலாம். ஒரு புலி வந்து எல்லாரையும் தின்றுவிடும், அவ்வளவுதான். ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் எழுதிக்கொண்டு, படித்துக் காட்டி அனுப்புங்கள். அடுத்த முறை வரும்போது அந்தப் புலிக்கு வயிற்று வலி வந்திருக்கும், மருந்து தேடிப் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயிருக்கும், அங்கே மாட்டு வியாபாரி ஒருவர் அதனிடம் பேரம் பேசிக்கொண்டிருப்பார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் கதைகளைப் படிக்கக் காத்திருக்கும் ஊர்க்காரர் ஒருவர்,
கோயம்புத்தூர்